சின்னத் துளை, பெரிய வலை: குடலிறக்கத்துக்கு எந்த ஆபரேஷன்?

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் ஒரு புடைப்பு. நின்றால் தெரிகிறது, படுத்தால் மறைகிறது, இருமினால் கை வைத்த இடத்தில் வந்து முட்டுகிறது. பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது. தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் 'ஹெர்னியா', அதாவது குடலிறக்கம், என்று சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி நோயாளியிடமிருந்து வராது, கூட வந்த மச்சானிடமிருந்து வரும்: "லேசர்ல பண்ணிடலாமா டாக்டர்?"

இதில் லேசர் எதுவும் கிடையாது. சின்னத் துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்வதற்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர்; அந்தச் சொல் வாயில் நுழையாமல் ஊர்ப் பேச்சில் லேசராகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. துளை சின்னது என்றால் ஆபரேஷனும் சின்னது. கீறிச் செய்வது பழசு, துளை போட்டுச் செய்வது புதுசு. காசு இருப்பவர் புதுசைச் செய்துகொள்ளலாம், இல்லாதவர் பழசோடு போகவேண்டியதுதான். பித்தப்பைக் கல்லுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய சரி. குடலிறக்கத்துக்குப் பொருந்தவில்லை. பல நாடுகளின் ஹெர்னியா நிபுணர்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே ஆபரேஷன் என்று எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறது.

ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, குடல் பிதுங்கும் ஓட்டை வயிற்றுச் சுவரில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் முதலில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை வயிற்றுச் சுவரைக் கடந்து விதைப்பைக்கு இறங்குகின்றன. இறங்கிய வழியை உடம்பு முழுதாக அடைத்துவிட முடியாது. விந்துக்குழாயும் ரத்தக் குழாய்களும் போய்வர ஒரு சாய்வான சந்து மிச்சம் இருந்தாக வேண்டும். அந்தச் சந்துதான் ஆயுள் முழுக்கப் பலவீனமான இடம். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இங்கே குடலிறக்கம் வருகிறது. பெண்களில் 3 பேருக்கு. உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறத்தாழ 2 கோடி பேருக்கு இதற்காக ஆபரேஷன் நடக்கிறது.

குடல் வெளியே எட்டிப்பார்க்க அந்தப் பகுதியில் மூன்று வாசல்கள் உண்டு. சந்தின் உள்வாயில் ஒன்று. சந்தின் பின்சுவரே நைந்துபோய்ப் பிதுங்குவது இரண்டாவது. கொஞ்சம் கீழே, தொடைக்கு ரத்தக் குழாய்கள் இறங்கும் இடத்தை ஒட்டி மூன்றாவது. இந்த மூன்றாவது வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெண்களைப் பற்றிப் பேசும்போது அது வரும்.

இழுத்துத் தைப்பதா, ஒட்டுப் போடுவதா?

இந்தச் சந்தை முதன்முதலில் ஒழுங்காகத் தைத்து மூடியவர் இத்தாலியின் பாதுவா நகரத்து அறுவை மருத்துவர் எடோர்டோ பாசினி. ஆண்டு 1884. அவர் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தாலியை ஒன்றுசேர்க்கப் போராடிய படையில் இளைஞனாகச் சேர்ந்தவர், 1867இல் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டார். குத்து விழுந்தது வலது தொடை இடுக்கில். குடல் கிழிந்து, காயத்தின் வழியே மலம் கசிந்துகொண்டிருந்த நிலையில் பிழைத்தவர் அவர். உடம்பில் எந்த இடத்தைப் பிற்பாடு உலகத்துக்கே தைக்கக் கற்றுக்கொடுத்தாரோ, அதே இடம்.

பாசினியின் முறையும் அதன் வழிவந்தவையும் நூறு வருஷம் ஓடின. எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். விலகி நிற்கும் தசைகளை இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். கிழிந்த சட்டையின் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்தால் நாலு நாளில் தையலுக்குப் பக்கத்தில் கிழியும். அம்மாக்களுக்கு எப்போதோ தெரிந்த பதில், ஒட்டுப் போடுவது. அறுவை மருத்துவம் அந்தப் பதிலை முழுதாக ஏற்றுக்கொள்ள 1980கள் வரை ஆயிற்று. லாஸ் ஏஞ்சலிஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன், தசையை இழுக்காமல் அதன் மேல் ஒரு பாலிப்ரோப்பிலீன் வலையை விரித்துத் தைத்தார். சர்க்கரை மூட்டைப் பை நெய்கிறார்களே, அதே வகைப் பிளாஸ்டிக். 1989இல் 1,000 பேருடைய முடிவுகளை அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதும் அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி. இன்றைக்கு 'ஓப்பன் மெஷ்' என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது பெரும்பாலும் லிக்டன்ஸ்டைன் முறையைத்தான்.

குழந்தைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு வலை வைப்பதில்லை. பிறவியில் மூடாமல் விட்ட பையை மட்டும் கட்டிவிட்டால் போதும்.

அப்புறம் கேமரா வந்தது. லேப்ராஸ்கோப் வழியே குடலிறக்கத்தை மூட முடியும் என்று அமெரிக்காவின் ரால்ஃப் கெர் 1982இல் எழுதினார். 1990களின் தொடக்கத்தில் இன்றுள்ள இரண்டு முறைகளும் உருவாகிவிட்டன. 'டாப்' முறையில் கேமரா நேராக வயிற்றுக்குள் போகும். உள்ளிருந்து வயிற்று உறையைக் கீறி, அதற்குப் பின்னால் வலையை வைத்து, உறையை மறுபடி தைத்து மூடுவார்கள். 'டெப்' முறையில் வயிற்றுக்குள் போகவே மாட்டார்கள். தசைக்கும் உறைக்கும் நடுவில் வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, அந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடுவார்கள். இரண்டில் எது மேல் என்பது மருத்துவர்களுக்குள் ஓயாத வாதம். நோயாளிக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

வெளியே சின்னது, உள்ளே பெரிசு

உண்மையான வித்தியாசம் துளையில் இல்லை, வலையை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சைக்கிள் டயரில் வெட்டு விழுந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டி உள்பக்கமாக வைப்பார். காற்று அடித்ததும் டியூபே அந்தத் துண்டை டயரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே காற்று அதைத் தள்ளப் பார்க்கும். லேப்ராஸ்கோப்பியில் வலை உள்பக்கம் போகிறது. இருமினாலும் முக்கினாலும் வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஓப்பனில் வலை வெளிப்பக்கம் இருப்பதால் தையல்தான் பிடிக்க வேண்டும்.

தத்துவம் அழகாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்கலாம்.

ஓப்பனில் மடிப்புக்குச் சற்று மேலே ஒரு விரல் நீளத்துக்குக் கீறுகிறார்கள். வேலையெல்லாம் தோலுக்கு அடியில், வயிற்றுக்கு வெளியே. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ செய்துவிடலாம். லேப்ராஸ்கோப்பியில் தொப்புளருகே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துளை ஒன்று, அரை சென்டிமீட்டர் துளைகள் இரண்டு. ஆனால் உள்ளே விரிக்கும் வலை குறைந்தது 10க்கு 15 சென்டிமீட்டர், உள்ளங்கையைவிடப் பெரிசு. அத்தனை பெரிய வலை மடங்காமல் படுக்க வேண்டுமென்றால் அத்தனை பெரிய இடத்தை உள்ளே பிரித்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் சிறுநீர்ப்பையும் இருக்கின்றன. ரத்தக் குழாய்கள் ஓடும் முக்கோணத்துக்கு அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே 'நாச முக்கோணம்'. பக்கத்திலேயே நரம்புகள் ஓடும் இன்னொன்று, அதன் பெயர் 'வலி முக்கோணம்'. வலையைப் பிடிக்க ஆணி அடிப்பவர்கள் அந்த இரண்டிலும் அடித்துவிடக் கூடாது என்பது பாலபாடம். இதற்கெல்லாம் சாதாரணமாக முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும்.

ஆக, வெளியே இருக்கும் தழும்பை வைத்து எது பெரிய ஆபரேஷன் என்று சொல்ல முடியாது. 41 ஆய்வுகளையும் 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2003இல் வந்தது; செய்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு. லேப்ராஸ்கோப்பிக்கு ஏறத்தாழ 15 நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கிறது; வழக்கமான வேலைகளுக்கு நோயாளி சுமார் ஒரு வாரம் முன்னதாகவே திரும்புகிறார்; நாள்பட்ட வலியும் மரமரப்பும் குறைவு. அதே சமயம் சிறுநீர்ப்பை, ரத்தக் குழாய் போன்றவற்றில் காயம் படுவது மிக அரிது என்றாலும், ஓப்பனைவிட அதிகம்.

2004இல் வந்த குழப்பம்

2004 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரு குண்டைப் போட்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 14 மருத்துவமனைகளில் 2,164 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஓப்பன், பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி என்று ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 10.1 சதவீதம் பேருக்குக் குடலிறக்கம் திரும்பி வந்திருந்தது. ஓப்பனில் 4.9 சதவீதம்தான். இரண்டு மடங்குக்கும் மேல். டயர்க் கணக்குப்படி நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அதே வருஷம் செப்டம்பரில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, லேப்ராஸ்கோப்பியையும் நோயாளிக்கு ஒரு தேர்வாகக் கொடுக்கலாம், ஆனால் முறையாகப் பயின்று அடிக்கடி செய்பவர்கள் கையில் மட்டும் என்றது. ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும் இந்த இரண்டையும் இணைக்கும் விஷயம் அந்த அமெரிக்க ஆய்வின் உள்ளேயே இருந்தது. அதில் பங்கெடுக்க ஓர் அறுவை மருத்துவர் முன்பே 25 லேப்ராஸ்கோப்பி செய்திருந்தால் போதும். ஆனால் 250க்கு மேல் செய்திருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களுடைய நோயாளிகளுக்குத் திரும்பி வந்தது மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. ஓப்பனில் இப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. கற்றுக்கொள்வது அங்கே சுலபம்.

என்னைப் பொறுத்தவரை மொத்த விவாதத்தின் மையமும் இந்த எண்தான். 25, 250. முறையின் பெயரைவிட, அதைச் செய்யும் கை எத்தனை முறை அதைச் செய்திருக்கிறது என்பதுதான் நோயாளியின் தலைவிதியை எழுதுகிறது. 2018 வழிகாட்டியும் லேப்ராஸ்கோப்பி கை வர 50 முதல் 100 ஆபரேஷன் பிடிக்கும் என்கிறது. அதிலும் முதல் 30, 50தான் கண்டம்.

இதற்கு ஒரு தலைகீழ் சாட்சியும் உண்டு. கனடாவில் டொரன்டோவை ஒட்டி ஷோல்டைஸ் மருத்துவமனை இருக்கிறது. 1945இல் தொடங்கியது. வேலையே குடலிறக்கம் மட்டும்தான். பெரும்பாலும் வலையும் வைப்பதில்லை, கேமராவும் இல்லை. பாசினி வழிவந்த பழைய தையலைத்தான் மெருகேற்றிச் செய்கிறார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2 லட்சத்து 35 ஆயிரம் நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வில், இங்கே செய்துகொண்டவர்களில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 1.15 சதவீதம். மாகாணத்தின் மற்ற மருத்துவமனைகளில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உடனே கனடாவுக்கு டிக்கெட் போட வேண்டாம். குண்டாக இருந்தால் எடையைக் குறைத்துவிட்டு வா என்று அனுப்பிவிடும் மருத்துவமனை அது. ஆள் பார்த்துத்தான் எடுப்பார்கள். அப்படியே தள்ளுபடி போட்டுப் பார்த்தாலும், தினம் தினம் அதையே செய்யும் கையின் கதை அதில் தெரியாமல் இல்லை.

சரி, நல்ல கை இரண்டு முறைக்கும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது யாருக்கு எது?

இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தால் லேப்ராஸ்கோப்பிதான். அதே மூன்று துளைகளில் இரண்டு பக்கத்தையும் முடித்துவிடலாம், ஓப்பனில் இரண்டு கீறல். ஏற்கெனவே ஓப்பன் செய்து திரும்பி வந்திருந்தாலும் அதுவே நல்லது. முன்பக்கம் தழும்பும் பழைய வலையும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். பின்பக்கம் யாரும் தொடாத நிலம். முதலில் செய்தது லேப்ராஸ்கோப்பி என்றால் இதே காரணத்துக்காக இரண்டாவது ஓப்பன். பெண்களுக்கும் லேப்ராஸ்கோப்பியையே வழிகாட்டி பரிந்துரைக்கிறது. முன்னே சொன்ன அந்த மூன்றாவது வாசல் பெண்களிடம்தான் அதிகம் திறக்கிறது. குடல் நெரிபடும் ஆபத்தும் அதில் கூடுதல். முன்பக்கமாகக் கீறிச் சந்தை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாமல் போகலாம். உள்ளே விரிக்கும் பெரிய வலை மூன்று வாசலையும் சேர்த்தே மூடிவிடும்.

முழு மயக்கத்தைத் தாங்காத இதயமோ நுரையீரலோ இருப்பவர்களுக்கு ஓப்பன், அதுவும் இடத்தை மட்டும் மரக்கவைத்து. புராஸ்டேட்டை எடுத்தவர்கள், அடிவயிற்றில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், விதைப்பை வரை இறங்கிய மிகப் பெரிய குடலிறக்கம் உள்ளவர்கள், இவர்களுக்கும் பெரும்பாலும் ஓப்பன்தான். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை, ஆண், வேறு நோய் எதுவும் இல்லை என்றால், இரண்டும் சரிதான். அனுபவமுள்ள கை கிடைத்தால் வலி குறைவு, சீக்கிரம் எழலாம் என்பதற்காக வழிகாட்டி லேப்ராஸ்கோப்பி பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

வலியைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டும், ஏனென்றால் கலந்தாலோசனையில் யாரும் பேசுவதில்லை. குடலிறக்கம் திரும்பி வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் வலி தங்கிவிடுமா என்று கேட்பவர் அபூர்வம். 10 முதல் 12 சதவீதம் பேருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கிறது. அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குப் போவது அதில் சிறு பகுதிதான். முன்பக்கச் சந்தில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. ஓப்பனில் அவை தையலிலோ, வலையைச் சுற்றி இறுகும் தழும்பிலோ சிக்கிக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பியில் இந்த ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. அதோடு, லேப்ராஸ்கோப்பிக்குப் பின் சிலருக்குப் பழைய இடத்திலேயே நீர் கோத்துப் புடைப்பாகத் தெரியும். 'திரும்ப வந்துடுச்சு' என்று பதறி ஓடிவருவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும்.

காசு விஷயத்துக்கு வந்தால், லேப்ராஸ்கோப்பிக்குக் கேமராவும் கருவிகளும் முழு மயக்கமும் தேவை என்பதால் செலவு கூடத்தான் செய்யும். வலையே வாங்க முடியாத இடங்களும் உண்டு. மகாராஷ்டிராவின் வடக்கே தொண்டைச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், சாதாரணக் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, ஓப்பன் முறையில் வைக்கத் தொடங்கினார். பலர் முகம் சுளித்தார்கள். பிற்பாடு உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டு முறையாக ஆய்வு நடந்தது. 2016இல் முடிவு வந்தபோது, ஒரு வருஷத்தில் கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்குத் திரும்பியிருந்தது. கம்பெனி வலையில் யாருக்கும் இல்லை. புள்ளிவிவரப்படி வித்தியாசமே கிடையாது. அதற்காக வீட்டுக் கொசுவலையைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டாம். நெசவும் பொருளும் கிருமி நீக்கமும் சரியாக இருக்க வேண்டும். மறுமுனையில் ரோபோ நிற்கிறது. 102 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், ரோபோ முறைக்கு லேப்ராஸ்கோப்பியைவிட நேரமும் செலவும் கூடின. முதல் ஒரு மாதத்தில் நோயாளிக்குத் தனியாக ஒரு நன்மையும் தென்படவில்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்பதும் சில ஆண்களுக்கு ஒரு தேர்வு. தொந்தரவே தராத, அல்லது கொஞ்சமே தரும் குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை வைத்து 2006இல் வந்த ஆய்வில், சும்மா கவனித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அவசரச் சிக்கல் வந்தது வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருஷத்தில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலியால், தாங்களே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. யாராக இருந்தாலும், உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு திடீரென்று உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், ஓப்பனா லேப்ராஸ்கோப்பியா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை; அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஓய்வு. லேப்ராஸ்கோப்பியின் பெரிய லாபமாக ஆய்வுகள் காட்டுவது அந்த ஒரு வாரத்தைத்தான். தினக்கூலி வாங்குபவருக்கு ஒரு வாரம் என்பது ஒரு வாரச் சம்பளம். கூடுதல் ஆபரேஷன் செலவோடு தட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய கணக்கு. ஆனால் நம் வீடுகளில் இரண்டு முறைக்கும் ஒரே சட்டம்தான்: மூன்று மாசத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, வண்டியை எடுக்கவே கூடாது. வலை வைத்த ஆபரேஷனுக்கு வழிகாட்டி சொல்வதோ, உடம்புக்கு எப்போது வசதிப்படுகிறதோ அப்போதே வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்று. தேதி குறிக்கும்போதே எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். முடிந்தால் அந்த மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.